மேலிருந்து பார்க்க வேண்டிய மீன்

முட்டையிலிருந்து வெளிவரும் தங்கமீன் குஞ்சுக்குத் தங்க நிறம் கிடையாது. இரண்டு கரும்புள்ளிக் கண்களும், அவற்றைத் தொடர்ந்து இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஓர் உடம்பும்தான் தெரியும். வளர வளரச் சேற்று நிறத்துக்கு வரும். தெரியாதவர்கள் குளத்துக் கெண்டைக் குஞ்சு என்றே நினைப்பார்கள். மாதங்கள் போகப் போகக் கறுப்பு கூடும். அப்புறம் ஒருநாள் வயிற்றடியில் கீற்றாக மஞ்சள் தெரியும். தோலிலுள்ள கறுப்பு நிறச் செல்கள் அழிய அழிய, அடியில் இருக்கிற மஞ்சளும் சிவப்பும் மேலே வரும். தண்ணீரில் சூடு இருந்தால் இது சீக்கிரம் நடக்கும். சில மீன்கள் கடைசிவரை மாறாமல் பச்சை கலந்த பழுப்பிலேயே நின்றுவிடும். கொளத்தூரில் எங்கள் மாமா வீட்டில் காலை எழுந்ததும், "பழுத்திருக்கா பாரு" என்று பிள்ளைகளைக் கொல்லைக்கு அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முருங்கை மரத்தடியில் எந்தப் பழத்தைத் தேடுகிறார்கள் என்று புரியாமல் பார்ப்பார்கள்.

நான் சொல்வது 1980களின் கொளத்தூர். மாமா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். காலை ஷிப்டு முடிந்து வந்து, கைலியை மடித்துக் கட்டினால் இருட்டும்வரை கொல்லையில்தான். பாதி மனையில் வீடு, மீதி மனையில் கொல்லை. கிணறு, துவைக்கிற கல், முருங்கை, அதைத் தாண்டிச் சிமெண்டுத் தொட்டிகள். தாய்மீனுக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று, குஞ்சுக்கு ஒன்று, மீன்தீனி வளர்க்க ஓரமாக இன்னொன்று. தெருவில் இன்னும் சில வீடுகளிலும் மீன் இருந்தது. ஒரு வீட்டில் குட்டி போடுகிற மோலியும் கப்பியும். இன்னொரு வீட்டில் ஃபைட்டர். ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும் என்பதால் பாட்டிலுக்கு ஒன்றாக வரிசை வரிசையாக அடுக்கி, நடுவில் அட்டை செருகி வைத்திருப்பார்கள். கோல்டு, அதாவது தங்கமீன், வளர்ப்பதுதான் இருப்பதிலேயே பொறுமையான வேலை என்று மாமாவுக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை நியாயமானதுதான்.

முதல் தாய்மீன்களை அவர் வாங்கியது மூர் மார்க்கெட்டில். 1900இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்துக்கு அவரோடு நானும் போயிருக்கிறேன். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி, பழைய புத்தகக் கடைகளையும் கிராமபோன் தட்டுகளையும் தாண்டினால் கிளி, புறா, முயல், மீன். குண்டு பல்பு வெளிச்சத்தில் தொட்டிக்குள் மீன் அசைவதைப் பார்த்துக்கொண்டே மாமா பேரத்தை மறந்து நிற்பார். கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் அவசரப்படுத்த மாட்டார். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. செய்தி வந்த அன்று மாமா சாப்பிடவில்லை. அந்தக் கூண்டுகளும் தொட்டிகளும் என்ன ஆகியிருக்கும் என்று எங்களில் யாரும் அவரிடம் கேட்கவில்லை. இப்போது அந்த இடத்தில் புறநகர் ரயில்களுக்கான நிலையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்கும் அரக்கோணத்துக்கும் வண்டி பிடிக்கப் போகிற ஆயிரக்கணக்கான பேர் அதன் மேல் நடந்து போகிறார்கள்.

தங்கமீனின் பூர்வீகம் சீனம். சாம்பல் நிறக் கெண்டையினத்தில் எப்போதாவது தோன்றும் சிவப்பு மீன்களைப் பிரித்தெடுத்துக் குளங்களில் வளர்த்தார்கள். சோங் அரசர்கள் காலத்தில் அது அரண்மனைக் குளங்களுக்குப் போயிற்று. மிங் காலத்தில் வீட்டு முற்றத்துப் பீங்கான் தொட்டிகளுக்கு வந்தது. 1596இலேயே தங்கமீன் வளர்ப்புக்கென்று சீனத்தில் ஒரு நூல் வந்துவிட்டது. பிறகு ஜப்பானுக்கும், 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் போனது. நான் சொல்ல வருவது என்னவென்றால், இத்தனை நூறு ஆண்டுகளில் பெரும்பகுதி மனிதர்கள் இந்த மீனைப் பார்த்தது மேலிருந்துதான். குளத்திலும் பீங்கானிலும் வேறு எப்படிப் பார்க்க முடியும்? விரிந்த இரட்டை வால், உருண்ட உடம்பு, பக்கவாட்டில் பிதுங்கிய கண், தலைமேல் கொண்டை, எல்லாமே மேலிருந்து பார்க்கிற கண்ணுக்காகத் தேர்ந்து தேர்ந்து உண்டானவை. பக்கவாட்டில் பார்க்கக் கண்ணாடித் தொட்டி பரவலானது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று கண்ணாடிக் கூடம் திறந்தது 1853இல். மாமாவுக்கும் அத்தைக்கும் இந்தச் சரித்திரம் தெரியாது. ஆனால் கொல்லையில் குனிந்து நின்று, மேலிருந்து பார்த்துத்தான் அவர்கள் ஒரு மீன் நல்லதா இல்லையா என்று சொன்னார்கள்.

கார்த்திகை மழை நின்று பனி இறங்க ஆரம்பித்ததும் வீட்டில் ஒரு பரபரப்பு வரும். மாமா ஆண்மீன்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி, செவுள் மூடியின்மேல் வெள்ளைப் புள்ளிகள் வந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். விரலால் தடவினால் நொய்யரிசி போலச் சொரசொரக்கும். முன்துடுப்பின் முதல் முள்ளிலும் அவை இருக்கும். நோய் வந்துவிட்டது என்று பயந்து புதிதாக வளர்ப்பவர்கள் மருந்து போட்டுக் கெடுப்பது இதைப் பார்த்துத்தான். பெண்மீனை மேலிருந்து பார்த்தால் வயிறு ஒரு பக்கமாகப் புடைத்திருக்கும். இரண்டு ஆணுக்கு ஒரு பெண் என்று பிரித்து, தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டுப் புதுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவார்கள். மழை வந்தது என்று மீன் நினைத்துக்கொள்ளும் என்பது அத்தையின் விளக்கம். விஞ்ஞானமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. ரெட்டேரியிலிருந்து அள்ளி வந்த ஆகாயத்தாமரையை நன்றாக அலசி, வேர் கீழே தொங்கும்படி மிதக்கவிடுவார்கள். அது கிடைக்காதபோது பச்சை நைலான் கயிற்றைத் துண்டு போட்டு, இழை இழையாகப் பிரித்து, கல் கட்டித் தொங்கவிடுவார்கள். கயிறு பிரிப்பது எங்கள் வேலை. விரல் நுனியெல்லாம் எரியும்.

விடியற்காலையில் அத்தை வந்து தோளைத் தொடுவாள். "எழுந்திரு. ஓட ஆரம்பிச்சிடுச்சு." போர்வையோடு எழுந்து போவோம். இன்னும் வெளிச்சம் வந்திருக்காது. தொட்டியில் தண்ணீர் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் முதலில் கேட்கும். பிறகு கண் பழகும். இரண்டு ஆண்களும் பெண்ணின் வயிற்றோடு தலையை வைத்து இடித்து இடித்துத் தள்ளிக்கொண்டே தொட்டியைச் சுற்றும். வேர்க்கொத்துக்குள் நெருக்கித் தள்ளியதும் மூன்றும் ஒரு நொடி ஒன்றாக நடுங்கும். வேரெல்லாம் மணி மணியாக முட்டை ஒட்டிக்கொள்ளும். மறுபடி ஓட்டம். சில மணி நேரம் இப்படியே. மாமா பேச மாட்டார். அத்தை மட்டும், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவள் மாதிரி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

ஓட்டம் நின்றதும் வேகமாக வேலை செய்ய வேண்டும். பெற்ற மீன்களே முட்டையைத் தின்றுவிடும். தாய்மீன்களை எடுத்துப் பழைய தொட்டியில் விட்டுவிட்டு, வேரை அப்படியே முட்டைத் தொட்டிக்கு மாற்றுவார்கள். ஒரு தடவைக்குச் சில நூறு முட்டைகள் என்பது குறைவு, ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. கருவுற்றது தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். கருவுறாதது மறுநாளே வெளுத்து, பஞ்சு பூத்து, பக்கத்து முட்டையையும் பிடிக்கும். அதற்கு மெத்திலீன் புளூ இரண்டு சொட்டு. தொட்டி முழுக்க நீலமாகிவிடும். மாமாவின் விரல் நகங்களிலும் அந்த நீலம் வாரக்கணக்கில் இருக்கும். தொழிற்சாலையில் அவரைக் கேலி செய்வார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சென்னைச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் குஞ்சு வெளிவரும். வந்ததும் நீந்தாது. தொட்டிச் சுவரில் கண்ணிமை முடி ஒட்டினதுபோல் ஒட்டிக்கொண்டு, வயிற்றிலிருக்கிற மஞ்சள்கருப் பையைத் தின்று தீர்க்கும். அதன் பிறகு தீனி கேட்கும்.

முதல் தீனி வேகவைத்த கோழிமுட்டை மஞ்சள் கரு. மல்துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்தால் பால் மாதிரி கலங்கும். ஒரு சொட்டு அதிகமானால் தண்ணீர் நாறிக் குஞ்சு மொத்தமும் போய்விடும். நாலைந்து நாள் கழித்து மொய்னா. ஓரத்துத் தொட்டியில் சாணியும் கடலைப் புண்ணாக்கும் கரைத்து வைத்தால் தண்ணீர் பச்சையாகி, அதில் தூசி அசைவதுபோல் அந்தப் பூச்சி பெருகும். மெல்லிய துணிவலையில் அரித்தெடுத்துக் குஞ்சுக்குக் கொடுப்பார்கள். கொல்லையில் அந்தத் தொட்டிப் பக்கம் நாற்றம் தாங்காது. ஆனால் மொய்னா தின்ற குஞ்சின் வயிறு சிவந்து தெரிவதைப் பார்த்துவிட்டால் நாற்றம் மறந்துபோகும். தங்கமீனுக்கு இரைப்பை என்று தனியாகக் கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகும். அதனால் ஒரே வேளையில் கொட்டக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. அத்தை சமையலுக்கு நடுவே எத்தனை முறை கொல்லைக்குப் போய் வருவாள் என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. கோடையில் கிணறு வற்றி மாநகராட்சித் தண்ணீர் ஊற்ற வேண்டி வந்தால் குளோரின் பயம். அதற்கு மாமா வில்லிவாக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவிலிருந்து ஹைப்போ கட்டிகள் வாங்கி வருவார். படம் கழுவ வைத்திருப்பதில் ஒரு கைப்பிடி. கல்கண்டு என்று நினைத்து நாங்கள் வாயில் போட்டுவிடக் கூடாது என்று பரணில் ஏற்றி வைப்பார்.

எல்லாவற்றையும்விட எனக்கு மறக்காதது வால் பார்ப்பது. குஞ்சு மூன்று வாரம் ஆனதும் அத்தை அதற்கு உட்காருவாள். அது அவளுடைய வேலை. மாமாவுக்கு அதில் கை வராது, அவரே ஒப்புக்கொள்வார். காலை வெயில் கொல்லையில் சாய்வாக விழுகிற நேரம், மணையைப் போட்டு, முன்னால் வெள்ளை எனாமல் பேசின் இரண்டு. ஒன்றில் குஞ்சுகளை மொண்டு விடுவாள். வெள்ளையில் ஒவ்வொன்றின் வாலும் கோட்டோவியமாகத் தெரியும். நாங்கள் வளர்த்த ஒராண்டா ரகத்துக்கு வால் நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் சமமாக விரிய வேண்டும். எவ்வளவு நல்ல தாய்மீன்களாக இருந்தாலும் குஞ்சுகளில் நிறைய ஒற்றை வாலாகத்தான் வரும். ஆதி மீனின் உருவம் ஒவ்வொரு ஈற்றிலும் திரும்பி வந்து எட்டிப் பார்க்கும். தங்கமீனைக் குளத்தில் விட்டுப் பல தலைமுறை யாரும் தேர்வு செய்யாமல் விட்டால் பழைய பழுப்புக் கெண்டையாகவே மாறிப்போகும். அதனால் வால் பார்ப்பது ஒரு நாளும் முடியாத வேலை.

அத்தையின் கையில் ஒரு பழைய பீங்கான் கரண்டி. தண்ணீரோடு குஞ்சை ஏந்தினால் செதில் கலையாது. பார்வை ஒரு நொடிதான். ஒற்றை வால், இடது பேசின். நடுப்பிளவு பாதியில் ஒட்டி மூன்று கால் மாதிரி இருப்பது, இடது பேசின். வால் விரிந்திருந்தாலும் வால் முளைக்கிற இடத்தில் முதுகு லேசாகக் கோணியிருப்பது, அதுவும் இடது. இந்தக் கடைசிக் குறையை நான் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. "நேரா பாக்காத. அது திரும்பறப்ப பாரு. கோணல் இருந்தா ஒரு பக்கம் சீக்கிரம் திரும்பும்." அவள் சொன்ன பிறகு பார்த்தால் தெரிந்தது. இந்த மாதிரி எதுவும் எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. கொளத்தூரைப் பற்றிப் பின்னாளில் பத்திரிகைகள் எழுதியபோதெல்லாம் வளர்ப்பாளர் என்று ஆண்களையே காட்டின. கொல்லைகளில் மணை போட்டு உட்கார்ந்து வால் பார்த்த பெண்கள் அவற்றில் வரவே இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

கழித்த குஞ்சுகளை அத்தை கொல்ல விடமாட்டாள். ஒற்றை வால் மீன்தான் நன்றாக நீந்தும், நோய் தாங்கும், கொசுப்புழுவை விடாமல் தின்னும். கிணறு இருக்கிற வீடுகளுக்கு அவற்றைத் தூக்கில் கொடுத்தனுப்புவாள். தெருக் கிணறுகளுக்குள் குனிந்து பார்த்தால் ஆழத்தில் ஆரஞ்சு நிறத்தில் எங்கள் வீட்டு மீன்கள் திரியும். தேறிய மீன்களை, பழுத்த பிறகு, ஒரு வியாபாரி டி.வி.எஸ். 50இல் கேன் கட்டி வந்து எடுத்துப் போவார். எங்களுக்கு அன்று அழுகையாக வரும்.

ஒரு கண்ணாடித் தொட்டி ஹாலிலும் இருந்தது. விருந்தாளிகளுக்காக. குண்டு கண்ணாடி ஜாடியில் ஒற்றைத் தங்கமீனைப் போட்டு வைக்கும் பழக்கத்தை மாமா வெறுத்தார். நானும் வெறுக்கிறேன். ஓர் அடி வரை வளரக்கூடிய, பத்து இருபது ஆண்டு வாழக்கூடிய உயிர் அது. இங்கிலாந்தில் ஒரு வீட்டில் 43 ஆண்டு வாழ்ந்த தங்கமீன் 1999இல்தான் செத்தது. ஜாடியில் போட்டால் அதன் கழிவே அதைக் கொன்றுவிடும். பிறந்தநாள் பரிசாக அந்த ஜாடியைக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறவர்கள், சாவைப் பரிசாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதில்லை. யாராவது சொல்ல வேண்டும்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. மாமா ஓய்வு பெற்ற பிறகும் தொட்டிகள் இருந்தன. 2003, 2004 தண்ணீர்ப் பஞ்சத்தில் கிணறு அடியோடு வற்றியது. ஆழ்குழாய் போட்டார்கள், உப்பாக வந்தது. முட்டை பாதிக்கு மேல் வெளுத்துப்போகிறது என்று அத்தை புலம்பினாள். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து, குடிக்கவா மீனுக்கா என்று கேட்டுக்கொண்ட நாட்கள் அவை. அதே சமயம் ஃபிளவர்ஹார்ன் மோகம் வந்தது. நெற்றியில் முண்டு வைத்த அந்த மீனுக்கு வாஸ்து பெயர் சொல்லிப் பணம் கொட்டினார்கள். கோல்டையும் எட்டுத் தங்கம் ஒரு கறுப்பு என்று எண்ணிக்கை சொல்லி வாங்கினார்கள். வாலை யாரும் பார்க்கவில்லை. மாமா போன பிறகு மனையைக் கட்டுமானக்காரருக்குக் கொடுத்தார்கள். கிணற்றை மூடினார்கள். தொட்டிகளை உடைத்த அன்று அத்தை பேத்தி வீட்டில் இருந்தாள், வேண்டுமென்றே.

கொளத்தூர் இன்றைக்கும் வண்ணமீன் ஊர்தான். மீன்கடைத் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை நடக்க இடமிருக்காது. அன்று நாங்கள் பார்த்திராத ரகமெல்லாம் கிடைக்கின்றன. வளர்ப்பு பெரும்பாலும் ஊரைவிட்டு வெளியே, செங்குன்றம் தாண்டித் திருவள்ளூர் மாவட்டத்துப் பண்ணைகளுக்குப் போய்விட்டது. நிலமும் தண்ணீரும் இருக்கிற இடத்துக்குத்தானே தொழில் போகும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு இல்லாமல் போனது சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவில் நடந்த வளர்ப்பு. ரசம் கொதிக்கும்போது ஓடிப்போய் மீனுக்குத் தீனி போட்டு வருகிற வீடு. தண்ணீரை முகர்ந்து பார்த்தே நாளைக்கு மாற்ற வேண்டும் என்று சொல்கிற மூக்கு.

போன தை மாதம் அத்தையைக் கொளத்தூருக்கு அழைத்துப் போனேன். எண்பது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. அவளே கேட்டாள்: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தொட்டி வைக்க இடமிருக்கிறதே, ஒரு ஜோடி பார்க்கலாமே என்று. கடையில் ஒராண்டாக்கள் பிளாஸ்டிக் கவரில் ஆக்சிஜன் நிரப்பித் தொங்கின. பையன் ஒன்றைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இப்படி இல்ல கண்ணு. ஒரு வெள்ளை டப்பு இருக்கா? அதுல விடு."

"பாட்டி, எல்லாம் ஒரே ரகம்தான். ஒரே விலை."

"அதான் பாக்கறேன்."

பையன் முகம் சுளிக்காமல் டப்பு எடுத்து வந்தான், அது பெரிய விஷயம். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மீன் ஒரு சுற்று வந்தது, இன்னொரு சுற்று. முதலாவதன் செவுளில் புள்ளி இருந்தது, வாலும் சரி. அதை எடுத்து வைக்கச் சொன்னாள். அடுத்து ஆறேழு மீன் பார்த்தாள். ஒன்றுக்கு வால் ஓரம் மடங்கியிருந்தது, மற்றதெல்லாம் ஆண், அதில் ஒன்றையும் எடுத்து வைக்கச் சொன்னாள். கடைசியாக ஒரு பெண்ணை விட்டான், வயிறு நன்றாக இருந்தது. இரண்டு சுற்றுப் பார்த்துவிட்டு, "இது இடது பக்கமே திரும்புது, வேணாம்" என்றாள். பையன் இன்னும் கொஞ்ச நேரம் அந்த டப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு ஆண்மீன்களோடு ஆட்டோ பிடித்தோம். பெண்ணுக்கு அடுத்த வாரம் எதிர்வரிசைக் கடையில் பார்க்க வேண்டும், அதற்குள் நைலான் கயிறு வாங்கிப் பிரித்து வை என்று வில்லிவாக்கம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.